மணல் போன குழியில் நிற்கிற தண்ணி

நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கம் மணலும் சவுடும் அள்ளுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "குழி தோண்டினா மழைத்தண்ணி நிக்கத்தானே செய்யும்? இன்னொரு ஊருணி கிடைச்ச மாதிரிதானே?" எனக்கும் ரொம்ப நாளாக இதற்குச் சரியான பதில் தெரியாது.

கரிசலிலிருந்து தொடங்கணும். களிமண் மணலைவிட அதிகத் தண்ணியைப் பிடித்து வைக்கும், ஆனால் லேசில் விடாது. 100 லிட்டர் களிமண் கிணற்றுக்கு விட்டுக்கொடுப்பது 2, 3 லிட்டர்தான். மணல் 20, 25 லிட்டர் விடும். களிமண்ணுக்குள் தண்ணி நகர்வதே அபூர்வம். வெயில் உறிஞ்சியது போக உப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் பல இடங்களில் போர் போட்டால் சவர்த்தண்ணி வருகிறது. குடிக்க ஊருணியும், வைப்பாற்று மணலில் தோண்டும் ஊத்தும்தான் ஆதரவு.

ஒரு யூனிட் மணல் 100 கன அடி, அதாவது சுமார் 2,800 லிட்டர். அது போனால் ஏறக்குறைய 700 லிட்டர் நல்ல தண்ணி தங்கும் இடம் போகிறது. ஒரு லாரியில் எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குழித் தண்ணி? மணலுக்குள் இருந்த தண்ணிக்கு வெயில் படாது. குழியில் அது திறந்து கிடக்கிறது. ஆவியாகிறது, உப்பு ஏறுகிறது. போதாததற்கு, அழுக்கை வடிகட்டிய மணலும் இப்போது இல்லை. வயலில் அடித்த மருந்து, டீசல், குப்பை எல்லாம் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். ஊருணியின் தரையில் களி இருக்கும், அதைச் சுற்றி ஊர்க் கட்டுப்பாடும் இருக்கும். குழிக்கு இரண்டும் கிடையாது. கடலோரமென்றால் இன்னும் மோசம்: நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் 40 அடி வரை மேலேறக்கூடும்.

கண்மாயில் கரம்பை அள்ளி வயலில் போடுவதை இதோடு சேர்க்காதீர்கள். அது வேண்டிய வேலை. சவுடு என்ற பெயரில் அடியில் கிடக்கும் மணலைத் தொடுவதுதான் சிக்கல்.

5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கிணறு கெட்ட பிறகு புகார் கொடுக்கப் போனால், "முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு தண்ணியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். குவாரி வருவதற்கு முன்பே, மாசத்துக்கு ஒரு தடவை அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.