சரக்கு வண்டி வாங்குமுன் எடையைக் கணக்கிடுங்கள்!

கடைக்குச் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வேண்டும் என்பது நம் மளிகை வணிகர்கள் பலருடைய நெடுநாள் ஆசை. மண்டியில் கொள்முதல் முடிந்ததும் வாடகை வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேட்ட நேரத்தில் சரக்கை அனுப்பலாம். கடையின் பெயரை எழுதிக்கொண்டு வண்டி ஊரெல்லாம் ஓடினால் அதுவே விளம்பரம். ஆசையில் தவறில்லை. ஆனால் கடைக்கு அடுத்தபடியாக நாம் போடும் பெரிய முதலீடு பெரும்பாலும் இந்த வண்டிதான். பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார் என்பதற்காகவோ, முன்பணம் குறைவு என்று விற்பனையாளர் சொன்னார் என்பதற்காகவோ அதை வாங்கிவிடக் கூடாது.

2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தபோது சிறு வணிகர்களின் போக்குவரத்தே மாறியது. அதுவரை மூன்று சக்கர வண்டி, இல்லாவிட்டால் பெரிய வண்டி என்றிருந்த நிலையில் இடையில் ஒன்று கிடைத்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலிரோ பிக்கப் கிராமத்துச் சாலைகளிலும் ஓடியது. இன்று முக்கால் டன் முதல் இரண்டு டன் வரை பல வகைகள் உள்ளன. யானை என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, யானைச் சுமையையும் ஏற்றலாம் என்று பலர் எண்ணிவிட்டார்கள். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

உங்கள் லோடு எத்தனை கிலோ?

வண்டியைப் பார்க்கப் போகுமுன் கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு நடைக்கு வழக்கமாக எவ்வளவு எடை வருகிறது என்று எழுதுங்கள். உதாரணமாக ஒரு நடுத்தர மளிகைக் கடையின் ஒரு நடையைப் பார்ப்போம். 26 கிலோ அரிசிச் சிப்பம் 20 என்றால் 520 கிலோ. சர்க்கரை 50 கிலோ மூட்டை 4 என்றால் 200 கிலோ. பருப்பு வகை 50 கிலோ மூட்டை 5 என்றால் 250 கிலோ. எண்ணெய் டின் 10, தகர எடையோடு சேர்த்து ஏறக்குறைய 160 கிலோ. ஆக மொத்தம் 1,130 கிலோ.

பார்வைக்கு இது பெரிய லோடாகத் தெரியாது. தொட்டியில் பாதி இடம் காலியாகவே இருக்கும். ஆனால் முக்கால் டன் வகை வண்டிக்கு இது ஒன்றரை மடங்குச் சுமை. அப்பளம், பிஸ்கட், சோப்புப் பெட்டி ஏற்றுகிறவருக்கு இடம்தான் முக்கியம். அரிசி, சர்க்கரை, உப்பு ஏற்றுகிறவருக்கு எடைதான் முக்கியம். இந்த வேறுபாட்டை மறந்தவர்கள்தான் தவறான வண்டியை வாங்குகிறார்கள்.

இனி வண்டி தாங்கும் எடையைப் பார்ப்போம். விளம்பரத் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெற்று எடை. மற்றொன்று சுமையோடு கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. சட்டப்படி வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். ஆகவே இருவர் ஏறினால் 130 கிலோ போல அதிலும் குறையும். பிறகு இரும்புக் கூண்டு, தார்ப்பாய்ச் சட்டம் என்று பாடி கட்டினால் அந்த எடையும் நம் சரக்கின் பங்கைத்தான் தின்னும். மேலே சொன்ன 1,130 கிலோ லோடோடு இரண்டு ஆட்கள் ஏறினால் 1,260 கிலோ. ஒன்றேகால் டன் வண்டியே மட்டாகப் போய்விடுகிறது. வழக்கமான லோடுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும்படி வண்டி எடுப்பதே விவேகம். இந்தக் கடைக்கு ஒன்றரை டன் வகையே பொருந்தும்.

"பட்டை போட்டால் தாங்கும்" என்பது சரியா?

பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது நம்மிடையே பரவியிருக்கும் நம்பிக்கை. பட்டை போட்டால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, டயர், கிளட்ச் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. தாழாமல் நிற்பதால் அதிகச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது; அது இன்னும் ஆபத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது எஞ்சின் திணறுவது தெரியும். இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைவது, மிதித்த பிறகுதான் தெரியும். வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் நாமல்ல, நம்மை நம்பி வேலைக்கு வந்த ஒருவர் என்பதை மறக்கலாகாது.

சட்டமும் கடுமையாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிகச் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகர முடியும். விபத்து நேர்ந்தால் அதிக பாரத்தைக் காரணம் காட்டி வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் குறைக்கவும் வழியுண்டு. ஒரு நடை வாடகையை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு வருட லாபத்தை இழப்பது வியாபாரமாகாது.

டீசல்தான் வேண்டுமா?

கனமான சுமைக்கு டீசல் எஞ்சின் ஏற்றது என்பதில் ஐயமில்லை. குறைந்த வேகச் சுழற்சியிலேயே அதற்கு நல்ல இழுவை கிடைக்கும். ஆகவே எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்காமல், டார்க் எவ்வளவு, அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேளுங்கள். குறைந்த சுற்றிலேயே கிடைத்தால் மேட்டிலும் நெரிசலிலும் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிராது.

ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்குப் பின் ஒரு புதிய விஷயம் சேர்ந்திருக்கிறது. இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி ஓரளவு வேகத்தில், சூடேற, சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். மண்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கடை, தெருத் தெருவாக நின்று நின்று விநியோகம் என்று மட்டுமே ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கைக் கவனிக்காவிட்டால் செலவு பெரிதாகிவிடும். சில மாடல்களுக்கு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனவே வெளியூர்க் கொள்முதல், கனமான சரக்கு, நாளைக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் என்றால் டீசல். ஊருக்குள்ளேயே இலேசான சரக்கு என்றால் பெட்ரோல், சி.என்.ஜி., மின்சார வண்டிகளையும் பாருங்கள். சி.என்.ஜி. சிலிண்டரின் எடையும் வண்டியின் வெற்று எடையில் சேரும் என்பது நினைவிருக்கட்டும்.

பின்னால் டிரெய்லர் கட்டலாமா?

அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப்புகளை டிரெய்லர் இழுப்பதற்கென்றே வாங்குகிறார்கள். அவற்றுக்கு இழுக்கும் எடை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்; கனமான டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் இருக்கும். நம் சிறு வண்டிகள் முதுகில் சுமப்பதற்கென்று செய்யப்பட்டவை. தயாரிப்பாளர் இழுவை எடை குறிப்பிடாத வண்டியில் கொக்கி மாட்டி எதையும் இழுக்கக் கூடாது. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும்.

உரிமமும் பர்மிட்டும்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. இரண்டு மாடல்களுக்கிடையே ஊசலாடும்போது இந்த எல்லையைப் பாருங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. எப்.சி.யை எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

வரவு செலவு

கணக்குக்காக வண்டி விலை 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் முன்பணம் போக 7 லட்சத்துக்கு 10 சதவிகித வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 14,900 ரூபாய். ஓட்டுநர் சம்பளம் 18,000, டீசல் 12,000, காப்பீடும் எப்.சி.யும் மாதத்துக்குப் பிரித்தால் 4,000, டயர் மற்றும் பழுது 4,000 என்று கொண்டால் மொத்தம் 52,900. மாதம் 26 நாள் ஓடினால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். வாடகை வண்டிக்கு நாளும் அதைவிடக் குறைவாகக் கொடுப்பவர், இப்போதைக்கு வாடகை வண்டியோடு இருப்பதே நலம். உங்கள் ஊர் விலைவாசியைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. கார் போலன்றி, சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன 9 லட்சம் வரி உட்பட்ட விலை என்றால் சுமார் 1.37 லட்சம் அதில் வரி. இதற்குப் பில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்க வேண்டும். அந்த வரித் தொகை மீது தேய்மானம் கோரக் கூடாது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இச்சலுகை இல்லை. 26 கிலோ அரிசிச் சிப்பம் போன்ற வரிவிலக்குச் சரக்கும் விற்பவர்கள் அதற்கேற்ற பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். கணக்காளரைக் கலந்துகொண்ட பிறகே பில் போடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை லோடு ஏற்றியதும் வழியில் உள்ள எடைமேடையில் ஒரு தடவை நிறுத்தி, சீட்டை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் கிராம் கணக்காக எடை பார்க்கும் நாம், வண்டியின் எடையை மட்டும் கண்மதிப்பாக விடலாமா?