கொல்லைமேட்டு வானம்பாடி

மல்லாட்டை பிடுங்கி முடித்த மானாவாரிக் கொல்லை. ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலையடிவாரம் வரை இப்படிப்பட்ட நிலம் நிறைய உண்டு. அதில் நடக்கும்போது காலடியில் கிடக்கும் மண்கட்டிகளில் ஒன்று விருட்டென்று எழுந்து பறந்தால், அது பெரும்பாலும் சாம்பல்தலை வானம்பாடிதான்.

சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறியது. 12, 13 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆணின் உச்சந்தலை சாம்பல், கன்னம் வெள்ளை. கண்ணின் குறுக்கே கறுப்புக் கோடு ஓடும். வயிறு முழுக்கக் கறுப்பு. பெண்ணோ தலை முதல் வால் வரை புழுதி நிறம். ஆபத்து என்று பட்டால் உடனே பறக்காது. தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கிட்டத்தில் போகும்வரை நம் கண்ணுக்குத் தெரியாது.

ஆண் பறவை இணையைக் கவரக் காட்டும் வித்தையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். இறக்கைகளைப் படபடவென்று அடித்துச் செங்குத்தாக மேலே ஏறும். உயரத்தில் சட்டென்று இறக்கைகளை ஒடுக்கித் தலைகீழாகப் பாயும். அப்போது நீளமாக ஒரு சீழ்க்கை. தரையில் மோதிவிடும் என்று நாம் பதறும் நேரத்தில் நிமிர்ந்து, விழுந்த வேகத்திலேயே மறுபடி மேலெழும். இப்படியே பலமுறை ஏறி இறங்கிவிட்டு, ஒரு கட்டியின் மேலோ கல்லின் மேலோ வந்து உட்காரும். மரக்கிளையை இது நாடுவதில்லை.

கூடும் தரையில்தான். புல் தூருக்கோ மண்கட்டிக்கோ ஒதுக்கமாக ஒரு சிறு குழி, உள்ளே புல், விளிம்பில் சிறு கற்கள். இரண்டு அல்லது மூன்று முட்டைகளை ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். விதைகளும் பூச்சிகளும் இரை.

அறிவியல் உலகுக்கு இந்தப் பறவையை அறிமுகப்படுத்தியதே நம் செஞ்சிதான். அங்கே கிடைத்த பறவையைப் பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னரா விவரித்தார். அதைக் கொண்டு 1786இல் இயற்கையியலாளர் ஸ்கோபோலி அறிவியல் பெயர் சூட்டினார். இமயமலை அடிவாரம் முதல் இலங்கை வரை சமவெளிகளில் வாழ்கிறது. அடர்ந்த காடும் உயர்ந்த மலையும் இதற்கு ஆகாது. அதனால் ஜவ்வாது மலைமேல் தேடிப் பயனில்லை. அடிவாரக் கொல்லைகளில்தான் பார்க்க முடியும்.

ஆனால் அந்த வெட்டவெளியைத்தான் நாம் ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்கிறோம். மனை போடுகிறோம், அல்லது நல்லெண்ணத்தோடு மரம் நட்டு நிரப்புகிறோம். இரண்டுமே இதன் குடியிருப்பைப் பறித்துவிடுகின்றன. புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதும் இயற்கைக்குச் செய்யும் உதவிதான்.

முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். உழும்போது கல் சுற்றிய சிறு குழி கண்ணில் பட்டால், டிராக்டரை ஒரு முழம் ஒதுக்கி ஓட்டுங்கள்.