அன்னதானமும் கிருமியின் அடையாள மாலையும்



தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் நிறைந்திருக்கும். வருபவர் யாராயினும் இல்லையென்னாது வழங்குவது பினாங்கு வாழ் நம் மக்களின் வழக்கம். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அன்னதானத்தோடு தொடர்புடைய ஓர் அறிவியல் செய்தியை இங்கே கூற விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டாரத்தில் நடந்த ஓர் அன்னதானத்திற்குப் பின் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. தயிர்சாதம்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. அதைச் செய்த அம்மாவை யாரும் நேரில் குறை சொல்லவில்லை. ஆயினும் செய்தி அவர் காதுக்கு எட்டியது. முப்பது ஆண்டுகள் கரண்டி பிடித்த அவர், அதன்பின் மடைப்பள்ளிப் பக்கமே வரவில்லை. நோயுற்றவர்களில் சிலர் அன்றிரவு வெளியிலும் சாப்பிட்டிருந்தனர். சோதித்துப் பார்க்கலாமென்று நான் போனபோது, பாத்திரங்கள் அனைத்தும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

உணவு வழியாகப் பரவும் கிருமிகளுள் முக்கியமானது சால்மொனெல்லா. நம் அண்டை மாநிலமான கெடாவில், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில், 2013-ஆம் ஆண்டு ஒரு திருமண விருந்தில் கோழிக்கறி உண்டவர்களுள் நால்வர் இக்கிருமியால் உயிரிழந்தனர். இதில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆகவே, நோயாளியிடம் சால்மொனெல்லா இருக்கிறது, உணவிலும் இருக்கிறது என்பதால் மட்டும் அந்த உணவே காரணம் என்று கூறிவிட முடியாது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாமா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு உதவுவதுதான் 'கிரிஸ்பர்' எனப்படும் மரபணுப் பகுதி. நுண்கிருமிகளையும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. தாக்குதலில் பிழைத்த கிருமி, அந்த வைரஸின் மரபணுவில் ஒரு சிறு துண்டைத் தன் மரபணுவில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பூக்கடையில் மாலை கட்டுவதை எண்ணிப் பாருங்கள். வெவ்வேறு பூக்களுக்கு இடையே ஒரே மாதிரியான மருக்கொழுந்து வைத்துக் கட்டுகிறார்கள் அல்லவா? பூக்கள்தாம் வைரஸ் துண்டுகள். இடையே வரும் மருக்கொழுந்து மாறாத தொடர். சால்மொனெல்லாவில் இந்த மாறாத தொடர் 29 எழுத்துகள் கொண்டது; துண்டு பெரும்பாலும் 32 எழுத்துகள் கொண்டது. புதிய பூ மாலையின் ஒரு முனையில் மட்டுமே சேரும். தாய்க் கிருமியின் மாலை அதன் சந்ததிக்கும் செல்லும்.

இத்தொடரை 1987-ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இஷினோ குழுவினர் கண்டபோது அதன் பயன் விளங்கவில்லை. இது கிருமியின் தற்காப்பு என்று 2007-ஆம் ஆண்டு பரங்கு, ஹொர்வாத் ஆகியோர் மெய்ப்பித்தனர். அவர்கள் ஆராய்ந்தது, பாலைத் தயிராக்கும் நல்ல கிருமி ஒன்றை! 2012-ஆம் ஆண்டு பாரிஸ் பாஸ்டர் ஆய்வு நிலையத்தார் 130 வகைகளைச் சேர்ந்த 783 சால்மொனெல்லா கிருமிகளின் மாலைகளை ஒப்பிட்டு, வகையையும் உட்பிரிவையும் இதைக்கொண்டு அறியலாம் என்று காட்டினர்.

இதற்கும் எல்லை உண்டு. பரவலாகக் காணப்படும் சில வகைகளில், தொடர்பற்ற கிருமிகளும் ஒரே மாலையைக் கொண்டிருக்கும். எனவே மாலை ஒத்திருந்தால் மட்டும் குற்றம் உறுதியாகாது. யார் எதை உண்டார் என்ற விசாரணையும் வேண்டும். கிருமியின் மரபணு முழுவதையும் படித்துப் பார்க்கும் முறை இன்று பல நாடுகளில் வந்துவிட்டது. ஆனால் இரு மாலைகளும் பெரிதும் வேறுபட்டிருந்தால், நோயாளியின் கிருமி அந்தப் பானையின் கிருமி அன்று என்று துணிந்து கூறலாம். அந்த அம்மாவுக்கு அப்படியொரு சொல் கிடைத்திருக்கக்கூடும். அல்லது, தவறு நம்முடையதே என்று தெரிந்து நாம் திருந்தியிருக்கவும் கூடும்.

எந்த ஆய்வுக்கும் உணவு மாதிரி வேண்டும். ஆகவே, பந்தல் நடத்தும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து, சுத்தமான மூடிய டப்பாவில், தேதியும் நேரமும் எழுதி, மூன்று நாள்கள் குளிர்பெட்டியில் வையுங்கள். உணவு கையாளுவோர் பயிற்சியும் தடுப்பூசியும் பெற வேண்டும் என்பது நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறை. தொண்டர்களும் அதைப் பின்பற்றுவது நலம். சமைத்ததைச் சூடாறுமுன் பரிமாறுங்கள்.

நன்கொடைப் பட்டியலில் அரிசி, பருப்போடு சில டப்பாக்களையும் சேர்த்துக்கொண்டால், உண்பவருக்கும் சமைப்பவருக்கும் அது பாதுகாப்பாக அமையும்.