சொத்தை எழுதிக் கொடுக்கும் முன்: ஹிபா, வஸிய்யத், பெற்றோர் பாதுகாப்பு

வெளிநாட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்துக் கட்டிய வீட்டை, வயதான காலத்தில் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கும் பெற்றோர் நம் மஹல்லாக்களில் ஏராளம். நம் மவ்த்துக்குப் பிறகு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நோக்கம் நல்லதுதான். ஆனால் எழுதிக் கொடுத்த வீட்டிலேயே அனுமதி கேட்டு வாழும் நிலை சில வாப்பா, உம்மாமார்களுக்கு வந்துவிடுகிறது.

இதற்குப் பிள்ளைகளின் குணம் மட்டும் காரணமல்ல. ஹிபா, வஸிய்யத், வாரிசுரிமை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதை நாம் விளங்கிக்கொள்ளாததும் ஒரு காரணம்.

ஹிபா: கொடுத்தால் போனதுதான்

உயிரோடு இருக்கும்போதே ஒரு பொருளைப் பிரதிபலன் பெறாமல் மற்றவருக்கு உடைமையாக்குவது ஹிபா. கொடுப்பவர் 'கொடுத்தேன்' என்று தெளிவாக அறிவிக்க வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இம்மூன்றும் இருந்தால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். முஸ்லிம்களின் ஹிபாவை எழுத்தில் வைத்தாலும் அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. ஆனாலும் பட்டா மாற்றம், வங்கிக் கடன், பிற்கால விற்பனை ஆகியவற்றை எண்ணிப் பதிவு செய்துவிடுவதே நல்லது.

ஹிபா நிறைவேறிய நொடியில் சொத்து நம்முடையதல்ல. தந்தை பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில், பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இடமில்லை. பதிவு செய்த செட்டில்மென்ட் பத்திரத்தைக் கொடுத்தவர் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்து செய்துவிடவும் முடியாது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. பெற்றோரும் பெரும்பாலும் அதே வீட்டில்தான் வாழ்கிறார்கள். மகள் உயிரோடு இருக்கும்வரை சிக்கல் தெரிவதில்லை. அவள் முந்திக்கொண்டால் வீடு அவளுடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்றோருக்கு அதில் ஒரு பங்கு வரும் என்றாலும், கணவரும் பிள்ளைகளும் மற்ற பங்குதாரர்கள் ஆகிவிடுவார்கள்.

பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதும் சரியல்ல. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவருடைய தந்தை அன்பளிப்புக் கொடுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி அறிவுறுத்தினார்கள். இன்று நாம் காணும் பல குடும்பப் பகைகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மரண நோயில் படுத்திருக்கும்போது செய்யும் ஹிபாவுக்கு வஸிய்யத்தின் வரம்புகள் பொருந்தும். மருத்துவமனைக் கட்டிலில் கைரேகை வாங்கிய பத்திரங்கள் நீதிமன்றத்தில் தடுமாறுவது இதனால்தான்.

வஸிய்யத்: மாற்ற முடிவது

வஸிய்யத் நம் மவ்த்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை சொத்து நம் கையில்தான் இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. கடன் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்யக் கூடாது. ஏற்கெனவே பங்கு பெறும் வாரிசுக்கு, மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி வஸிய்யத் செல்லாது. தம் சொத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பிய ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம், மூன்றில் ஒன்றே அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலை வரக் கூடாது என்பதையும் காரணமாகச் சொன்னார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு இந்த மூன்றில் ஒரு பங்கு பெரிய உதவி. நம் மகன் ஒருவர் நமக்கு முன்பே இறந்து, வேறொரு மகன் உயிரோடு இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடைக்காது. அந்த எத்தீம் பிள்ளைகளுக்கு வஸிய்யத் வழியாகக் கொடுக்கலாம். நாம் எழுதாமல் விட்டால் அவர்கள் சித்தப்பா, பெரியப்பாமார்களின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் இறக்கிறார். ஜனாஸா செலவும், மனைவிக்குத் தர வேண்டிய மஹர் உள்ளிட்ட கடன்களும் போக 60 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. இறந்த மகனின் பிள்ளைகளுக்கு அவர் 20 லட்சம் வஸிய்யத் செய்திருக்கிறார். மீதி 40 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 லட்சம். எஞ்சிய 35 லட்சத்தில் இரண்டு மகன்களுக்குத் தலா 14 லட்சம், ஒரு மகளுக்கு 7 லட்சம். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் இருவருக்கும் தலா ஆறில் ஒன்று உண்டு. அப்போது பிள்ளைகளின் பங்கு குறையும். இப்பங்குகளின் அடிப்படை திருக்குர்ஆனின் 4:11, 4:12 வசனங்களில் இருக்கிறது.

வங்கிக் கணக்கில் ஒரு மகனை நாமினியாகப் போட்டிருப்பதால் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. அவர் அதை வங்கியிலிருந்து பெற்று, எல்லா வாரிசுகளுக்கும் சேர்க்க வேண்டியவர்.

எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டால்?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. தம் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனு செய்யலாம். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொத்தைப் பற்றியது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதை மீறினால், அப்பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கூறியது. முதியோருக்குச் சாதகமாக இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் மற்றொரு தீர்ப்பில் கூறியது. ஆகவே, 'அன்பினால் கொடுத்தேன்' என்று மட்டும் எழுதிய பத்திரத்தை நம்பி இருப்பது ஆபத்து. ஆனால் நிபந்தனை போட்ட ஹிபாவில் ஹிபா மட்டும் செல்லும், நிபந்தனை செல்லாது என்ற ஃபிக்ஹ் நிலைப்பாடும் இருக்கிறது. எனவே வாசகத்தை ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

மறதி நோய் வந்தால்?

மகனுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் எப்போதும் கைகொடுக்கும் என்று பலர் நம்புகிறோம். கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ அது முடிந்துவிடும். பிறகு அவருடைய மருத்துவச் செலவுக்காக அவர் நிலத்தையே விற்பதென்றாலும், காப்பாளரை நியமிக்கக் கோரி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, ஆவணங்களைச் சரிசெய்வது, வஸிய்யத் எழுதுவது எல்லாம் நினைவு தெளிவாக இருக்கும்போதே நடக்க வேண்டியவை.

நாம் செய்ய வேண்டியவை

• கடன்கள், கொடுக்காத மஹர், பிறர் அமானிதம், நமக்கு வர வேண்டிய பணம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும் இடத்தில் வைப்போம்.

• குடியிருக்கும் வீட்டையும், மாதச் செலவுக்கு வருமானம் தரும் சொத்தையும் நம் பெயரிலேயே வைத்துக்கொள்வோம். ஹிபா செய்ய விரும்பினால் மீதியிலிருந்து செய்வோம்.

• மனைவியை மறக்க வேண்டாம். எட்டில் ஒரு பங்கில் வீடு வாங்க முடியாது. அவருக்கென ஓர் இருப்பிடத்தை நாம் உயிரோடு இருக்கும்போதே உறுதி செய்வோம்.

• வஸிய்யத்தை எழுதி, இரண்டு சாட்சிகளோடு முடிந்தால் பதிவும் செய்வோம். எழுதியவர் முதியவரானால் அன்றைய தேதியில் மருத்துவச் சான்று பெறுவது பிற்கால வழக்கைத் தடுக்கும்.

வஸிய்யத் செய்ய ஏதேனும் வைத்திருப்பவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையல்ல என்பது நபிவழி. பிள்ளைகள் மீது நம்பிக்கை இல்லாதவர்கள் மட்டும் செய்யும் காரியமல்ல இது. அவர்கள் நம்மைப் பாரமாகவும், ஒருவரையொருவர் எதிரியாகவும் பார்க்காமல் இருக்க நாம் செய்து வைக்கும் ஏற்பாடு. அல்லாஹ் நம் பெற்றோரின் முதுமையைக் கண்ணியமாக்கி, நம் பிள்ளைகளின் உறவைப் பாதுகாத்தருள்வானாக!