தரை தொடும் டிரக்குகள் – 7: பினியனின் மூக்கு எந்தப் பக்கம்?

1973 முதல் 1987 வரை வந்த செவர்லே சி-10 பிக்கப்புக்கு அமெரிக்காவில் ‘ஸ்கொயர் பாடி’ என்று செல்லப்பெயர். பெட்டி மாதிரி உடம்பு, பின்னால் பட்டை ஸ்பிரிங். கஸ்டம் ஷெட்டுகளில் இதன் பின்பக்கத்தை 5, 6 அங்குலம் இறக்கப் பலரும் எடுக்கும் வழி ‘ஃபிளிப்’. பட்டைக்கு அடியில் இருக்கும் ஆக்ஸிலைக் கழற்றிப் பட்டைக்கு மேலே உட்காரவைப்பார்கள். சனி, ஞாயிறில் வேலை முடிந்துவிடும். போட்டோவுக்கும் வண்டி அழகாக நிற்கும். திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் ஏறியதும் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல் கிளம்பும்.

பாவம், முதலில் பழி விழுவது டயர் மேல். வீல் பேலன்ஸ், பிறகு கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் ஷாஃப்டின் பேலன்ஸ் என்று காசு கரையும். கொஞ்சம் கணக்குப் போட்டால் அந்தச் செலவு மிச்சம். 28 அங்குல டயர், 3.73 கியர் விகித ரியர் எண்ட் உள்ள வண்டி மணிக்கு 60 மைலில் போனால், சக்கரம் நொடிக்குச் சுமார் 12 சுற்று, ஷாஃப்ட் சுமார் 45 சுற்று. டயர் கோளாறு நொடிக்கு 12 முறை உலுக்கும். வண்டியை இறக்கியதால் ஷாஃப்ட் மடங்கும் கோணத்தில் வரும் கோளாறோ, ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். அதாவது நொடிக்கு 90. உலுக்கலா, உறுமலா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

ஏன் இரண்டு முறை? ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயின்ட்டின் பிறவிக் குணம் அது. கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் மோட்டார் வண்டிக்கென இந்த ஜாயின்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஜாயின்ட்டின் கணிதத்தை ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்துவிட்டார். மடங்கி நிற்கும் ஜாயின்ட், உள்ளே சீராக வரும் சுழற்சியை வெளியே சீராகத் தராது. கோணம் 10 டிகிரி, வேகம் 2000 ஆர்.பி.எம். என்றால், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 1970-க்கு இறங்கி 2030-க்கு ஏறும். பின் ஜாயின்ட்டும் அதே கோணத்தில் மடங்கினால் இந்த ஏற்ற இறக்கம் அங்கே அடிபட்டுப் போகும். ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் இரண்டும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும் என்பது இதற்கு நிபந்தனை.

ஆக, பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் தண்டான பினியன் தரையோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் தனியாகப் பயன்படாது. கியர்பாக்ஸ் கோடும் பினியன் கோடும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கூடவே, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் மடிப்பு 3 டிகிரிக்குள் அடங்கவேண்டும். சுத்தமாகப் பூஜ்ஜியமும் ஆகாது: அரை டிகிரியாவது இல்லாவிட்டால் ஜாயின்ட்டின் கப்புக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திப் பள்ளம் போட்டுவிடும்.

இங்கேதான் வேடிக்கை. கியர்பாக்ஸ் வால் 3 டிகிரி கீழே, 50 அங்குல ஷாஃப்ட் 6 டிகிரி கீழே என்று வைத்துக்கொள்வோம். முன் ஜாயின்ட்டில் மடிப்பு 3. வண்டியை 5 அங்குலம் இறக்கினால் ஆக்ஸில் சேஸிஸை நோக்கி ஏறி, ஷாஃப்ட் ஏறக்குறைய மட்டமாகிவிடும். மடிப்பு மறுபடியும் 3-ஐ ஒட்டியே, ஆனால் எதிர்த்திசையில்! பாதி மட்டும் இறக்கியவருக்கு அந்த வேண்டாத பூஜ்ஜியம் வாய்க்கும். ஃபிளிப் செய்த வண்டியைப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே மட்டமான பிளாக் வைத்து இன்னும் இறக்கினால் பினியன் சாய்வு பெரிதாக மாறாது. பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை மாற்றி இறக்குவதுதான் அதைத் திருகிவிடும். 60 அங்குலப் பட்டையின் பின்கண்ணை 4 அங்குலம் உயர்த்தினால் பினியனின் மூக்கு ஏறக்குறைய 4 டிகிரி தாழும்.

அளக்கும்போது வண்டி தன் காலில் நிற்கவேண்டும். சேஸிஸை ஸ்டாண்டில் தூக்கி, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு குப்பைக்குத்தான். முன்னும் பின்னும் சிறிது உருட்டி, பின் பம்பரை நாலு அமுக்கு அமுக்கிப் பட்டையைப் படியவிட்ட பிறகு, காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜை ஷாஃப்ட் குழாயிலும் பினியன் யோக்கின் கடைந்த முகத்திலும் ஒட்டவேண்டும். துருவையும் பெயின்ட்டையும் சுரண்டாமல் ஒட்டினால் ஒரு டிகிரி அங்கேயே தவறும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கு மேலே எழும். அதனால் இணைக்கோட்டை விட 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம். மேலே சொன்ன வண்டியில் பினியன் 3 டிகிரி மேல்நோக்கி இருந்தால் இணை. நிற்கும்போது 1 அல்லது 2 வைத்தால் போதும். ஆக்ஸில் குழாயில் பட்டை உட்காரும் ஸ்பிரிங் சீட்டை வெல்டிங் செய்கிறவர்கள் முதலில் புள்ளி வெல்டு வைத்து, வண்டியை இறக்கி அளந்துவிட்டுத்தான் முழுசாகப் பிடிக்கிறார்கள். அதையும் விட்டு விட்டு, சின்னச் சின்னதாகப் பிடிப்பார்கள். ஒரே மூச்சில் சூடேற்றினால் ஆக்ஸில் குழாய் கோணும்.

மீதி திருத்தத்துக்கு ஆப்பு வடிவ ஷிம். ஃபிளிப் செய்தவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பட்டை மேலே இருந்தவரை மூக்கை உயர்த்த ஷிம்மின் தடித்த முனை பின்பக்கம் போனது. இப்போது பட்டை அடியில் வந்துவிட்டதால் தடித்த முனை முன்பக்கம் போகவேண்டும். பழைய பழக்கத்தில் 2 டிகிரி ஷிம்மைத் திருப்பி வைத்தால் பிசகு 4 டிகிரி. அலுமினிய வார்ப்பு ஷிம் விரிசல் விடக்கூடும். விலை கூடினாலும் இரும்பே நல்லது.

யூ போல்ட்டுகளை முறுக்கி, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்கிக் கோணத்தையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம், மேலேறிய ஆக்ஸில் இடிக்காமலிருக்கச் சேஸிஸை வெட்டும் ‘சி-நாட்ச்’ வேலை.