முதல் மோட்டார் சைக்கிள்

சென்ற ஆனித் திங்களில் என் தங்கையின் மகன் என்னைக் காண வந்திருந்தான். கல்லூரியில் பயில்கின்றவன், 18 வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல், "மாமா, அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று தொடங்கினான். எதைச் சொல்ல வேண்டுமென்பது, அவன் கைப்பேசியில் நீட்டிய படத்தைக் கண்டதும் விளங்கிற்று. கறுப்பு நிறத்தில் பளபளக்கும் ஒரு 350 சி.சி. மோட்டார் சைக்கிள்! அதுவரை அவன் ஓட்டியதெல்லாம் அவன் அன்னையின் ஸ்கூட்டர் ஒன்றுதான்.

மாணவ நண்பர்களே, அன்று அவனிடம் சொன்னவற்றையே இன்று உங்களிடமும் சொல்ல விழைகின்றேன். இதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்குப் பெருமைக்குரிய வழியில் வந்ததன்று.

1987-ஆம் ஆண்டில், என் 19-ஆம் வயதில், நானும் அவ்வாறே ஒரு பழைய 350 சி.சி. வண்டியை விரும்பி வாங்கினேன். வாங்கிய ஒன்பதாம் நாள், நண்பர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து முக்கொம்புக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு திருப்பத்தில், லாரியிலிருந்து சிந்திய ஆற்று மணல் பரவிக் கிடந்தது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இராது. ஆயினும் அஞ்சிவிட்டேன், முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. அது வழுக்கிச் சாய்ந்தபோது காலை ஊன்றித் தாங்க முயன்றேன், இயலவில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. நண்பரின் முழங்கால் வண்டிக்கடியில் சிக்கிக்கொண்டது. இன்று அவர் பேரன் பேத்தி கண்டவர். படியேறும்பொழுதெல்லாம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டே ஏறுகின்றார். அந்நாளைப் பற்றி அவர் ஒருமுறையும் என்னிடம் பேசியதில்லை.

அன்று எங்களை வீழ்த்தியது வேகம் அன்று. எடையும் என் பழக்கமின்மையும் சேர்ந்து வீழ்த்தின. 350 சி.சி. வண்டியின் எடை ஏறத்தாழ 190 கிலோ, 100 சி.சி. வண்டியின் எடை ஏறத்தாழ 110 கிலோ. வண்டி நிமிர்ந்து நிற்கும்வரை அதன் எடை முழுவதையும் தரையே சுமக்கின்றது. ஒரு விரலால்கூடப் பிடித்துக்கொள்ளலாம். சாயத் தொடங்கியதும் அச்சுமை உங்கள் காலுக்கு வருகின்றது. சாய்வு மிக மிகச் சுமையும் மிகுகின்றது. ஓர் எல்லைக்கு அப்பால் எந்த மல்லனாலும் தாங்க முடியாது. இளைய வண்டியில் அந்த எல்லை சற்றே தள்ளியிருக்கின்றது. புதிதாகப் பழகுபவன் விழுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையிலன்று; வளைத்துத் திருப்பும் இடத்திலும், நிறுத்தும் இடத்திலும், வாசலில் பின்னோக்கித் தள்ளும் இடத்திலுந்தான். ஆகவே கடைக்குச் சென்றதும் விலையைக் கேட்பதற்கு முன் வண்டியின்மேல் அமருங்கள். இரு பாதங்களும் தரையில் நன்கு பதிகின்றனவா? ஸ்டாண்டிலிருந்து நீங்களே இறக்கி, பத்தடி தள்ளிச் சென்று, திருப்பிக் கொணர முடிகின்றதா? கடைக்காரர் ஓடிவந்து உதவினால், பணிவோடு அவரை விலக்கிவிடுங்கள்.

அடுத்தது வண்டியின் ஆற்றல். 100 சி.சி. வண்டி தருவது சுமார் 8 குதிரைத்திறன். பந்தயச் சாயலில் செய்யப்பட்ட சில 200 சி.சி. வண்டிகளோ 24 குதிரைத்திறன் வரை தருகின்றன. இதிலுள்ள இடர் பலருக்கும் தெரிவதில்லை. பழகாதவர் கிளட்சைத் திடீரென விட்டால் வண்டி முன்னே பாய்கின்றது. உடல் பின்னே சாய்கின்றது. பின்னே சாயும் உடலோடு வலக்கை மணிக்கட்டும் முறுகி, ஆக்சிலரேட்டரை மேலும் திருகிவிடுகின்றது. வண்டி இன்னும் பாய்கின்றது. அஞ்சுபவர் கைப்பிடியை இன்னும் இறுகப் பற்றுகின்றார். சிறிய வண்டியில் இதே பிழை நேர்ந்தால் பெரும்பாலும் எஞ்சின் திக்கித்து நின்றுவிடும், சுற்றியிருப்பவர் நகைப்பர். அந்நகைப்பு மிகவும் மலிவான கட்டணம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் இடரைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி ஆகுமென்று கொள்வோம். அதற்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். நல்ல உலர்ந்த சாலையில் ஓரளவு அழுத்திப் பிடித்தால், நிற்பதற்கு இன்னும் 12 மீட்டர் வேண்டும். ஆக 23 மீட்டர். வேகம் 80 ஆனால் முதற்பகுதி இரட்டித்து 22 ஆகும். இரண்டாம் பகுதியோ நான்கு மடங்காகி 48 ஆகும். ஆக 70 மீட்டர்!

நம் ஊரில் பலர் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுவர். வண்டி குப்புறக் கவிழும் என்பார்கள். நிறுத்தும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், மிகுதியாகப் பிடிப்பது முன் பிரேக்கே. அதைப் படிப்படியாக அழுத்தக் கற்க வேண்டும். என்னைப்போல மணலில், சக்கரம் திரும்பியிருக்கையில் பற்றிவிடக் கூடாது. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று, அதற்குட்பட்டவற்றில் இரு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் அமைப்பேனும் இருத்தல் வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் இவ்வாண்டை நினைவிற் கொள்க. டயர், செயின், ஆர்.சி. புத்தகம், காப்புறுதி ஆகியவற்றை அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுவது நன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டின் விலையை வண்டியின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். அதன் வாரைப் பூட்டாமல் அணிவது தொப்பி அணிவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவையும் கேட்ட என் மருமகன், "அப்படியானால் அந்த 350 எனக்கு எப்போது, மாமா?" என்றான். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சிறிய வண்டியில் கழியட்டும். பிறகு வந்து கேள் என்றேன். முகம் வாடித்தான் போனான். ஆயினும் அடுத்த மாதம், ஓர் ஆசிரியர் வைத்திருந்த பழைய 100 சி.சி. வண்டியை வாங்கினான். பழகுநர் உரிமம் பெற்று, விடியற்காலையில் வெற்றுத் திடலில் 'எட்டு'ப் போட்டுப் பழகினான்; முதல் வாரத்தில் மூன்று முறை விழுந்தானாம்; மூன்று முறையும் தானே தூக்கி நிறுத்தினானாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவ்வண்டியிலேயே என் வாசலுக்கு வந்து, "மாமா, ஏறுங்கள், கடைத்தெரு வரை போய் வருவோம்" என்றான். பழகுநர் உரிமத்தோடு ஓட்டுபவன், தனக்குக் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றலாகாது என்னும் விதியை நினைவூட்டினேன். "நீங்கள்தானே மாமா கற்றுக்கொடுப்பவர்!" என்று மடக்கினான். நான் மறுமொழி கூறாமல் செருப்பை அணிந்துகொண்டு நடக்கலானேன். அவனும் வண்டியை நிறுத்திவிட்டு என்னுடன் நடந்தே வந்தான்.