வாசலோடு நிற்காத புகை

"வீட்டுக்குள்ள பத்துறதில்ல, வெளியிலதான்." வாழைச்சேனைப் பக்கம் சிகரட் பிடிக்கும் தகப்பன்மாரிடம் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். சொல்கிறவர் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

பெருமைப்பட இடமுண்டு. அடுத்தவர் விடும் புகை பிள்ளைக்கு ஆகாது என்பது இன்று எல்லாரும் அறிந்த சங்கதி. மூடிய பொது இடங்களில் புகைப்பதை நமது நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

புகை கலைந்துவிடும். அதிலிருந்த நிக்கோட்டின் சேட்டு, தலைமயிர், விரல், செற்றி உறை, சுவர் என்று கண்ட இடமெல்லாம் படிந்து, பிறகு மெல்ல மெல்லக் காற்றுக்கும் தூசிக்கும் திரும்பும். தவழும் பிள்ளை தரையோடு கிடக்கிறது. கைக்கு அகப்பட்டதை வாயில் வைக்கிறது. பெரியவரைவிட அதற்குத்தான் தூசி அதிகம் போகும். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. கைக்குழந்தைக்காக வெளியே போய்ப் புகைத்தவர்களின் வீடுகளை, யாருமே புகைக்காத வீடுகளோடு ஒப்பிட்டார்கள். வெளியே போய்ப் புகைத்தவர் வீடுகளில் மாசு ஐந்து முதல் ஏழு மடங்கு அதிகம். வீட்டுக்குள் புகைத்தவர்களின் வீடுகள் அதையும் விட மோசம், அது உண்மைதான். ஆனாலும் "வெளியிலதான்" என்பவருக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும்.

2009இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, மக்கள் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டது. அடுத்தவர் புகை பிள்ளைகளுக்குக் கேடு என்று புகைப்பவர்களிலேயே நூற்றுக்கு 84 பேர் ஒத்துக்கொண்டார்கள். நேற்றுப் புகைத்த அறையின் மிச்சமும் கேடுதான் என்றவர்கள் 43 பேர். இதை நம்பியவர்களின் வீடுகளில் புகைக்கத் தடை இருப்பதும் கூடுதலாகக் காணப்பட்டது. அடுத்த ஆண்டு கலிபோர்னிய ஆய்வாளர்கள், படிந்த நிக்கோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்களாக மாறுவதைக் காட்டினார்கள். அந்த அமிலம் காஸ் அடுப்பிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் வருகிறது. புகைப்பவர் ஒருவரின் லொறிக்குள்ளும் அந்த நைட்ரோசமின்கள் இருந்தன. காலையில் பிள்ளைகளை ஏற்றும் ஓட்டோவையும் வானையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

எனக்கு இதில் துணிதான் பெரிய கவலை. பழைய சாறன் நன்றாகத் தோய்ந்து மெதுவாகிவிடும் என்பதால் அதைக் கிழித்துப் பிள்ளைக்கு விரிக்கிறோம், துடைக்கிறோம், ஏணைக்குள் மடித்துப் போடுகிறோம். துறைமுகத்திலும் வாடியிலும் கடலில் போட்டிலும் நாட்கணக்காகப் புகை குடித்த உடுப்பு, கடலுக்குப் போனவரோடு ஒரே பையில் வீட்டுக்கு வருகிறது. வந்தவர் முதலில் செய்வது பிள்ளையை வாரி எடுப்பது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? மாரி காலத்தில் இன்னும் சிக்கல். மழைக்கு ஒதுங்கித் தாவாரத்திலேயே பற்ற வைக்கிறார்கள், ஜன்னல் சாத்தியிருக்கிறது, உடுப்புக் கொடி அறைக்குள் வந்துவிடுகிறது. பையில் மிச்சம் வைத்த ஒற்றைச் சிகரட்டோடு சேட்டு ஏணைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். நிக்கோட்டின் தண்ணீரில் கரையும், தோய்த்தால் துணியிலிருந்து பெருமளவு போகும். மெத்தைக்கும் செற்றிக்கும் அந்த வழியில்லை. வாடகைக்கு வீடு எடுக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி: புகைத்த குடும்பம் போய், இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, சுத்தமும் செய்த வீடுகளில்கூட நிக்கோட்டின் மிஞ்சியிருந்ததை 2011இல் அதே சான் டியாகோவில் கண்டார்கள்.

விறகடுப்பும் சாம்பிராணியும் உள்ள வீட்டில் இது ஒரு புகையா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மிச்சம் மட்டும் தனியாக எவ்வளவு நோய் தரும் என்பது இன்னும் ஆராயப்படுவதாக மருத்துவர்களும் சொல்வார்கள். இருக்கட்டும். அடுப்பிலோ சாம்பிராணிச் சட்டியிலோ பிள்ளையை யாரும் கிடத்துவதில்லை; புகை குடித்த துணியில் கிடத்துகிறோம்.

கேட்க வேண்டியவர் காதில் இது விழுவதுதான் பாடு. கிளினிக்கில் நிறை பார்க்கும் நாளில் வரிசையில் இருப்பவர்கள் தாய்மாரும் அம்மம்மாமாரும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது தகப்பன் கடலில் நிற்கிறார், அல்லது வேலைக்குப் போயிருக்கிறார். கேட்டவள் புகைப்பதில்லை, புகைப்பவர் கேட்பதில்லை. கேட்டவள் என்ன செய்வாள்? இன்னும் ஒரு வாளி உடுப்புத் தோய்ப்பாள். "சேட்டைக் கழற்றிப்போட்டு, கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கோ" என்று சொல்லத் துணிந்தால் அன்றைக்கு வீட்டில் முகம் கோணும். பிள்ளைக்கு இரவில் முட்டு வந்தாலோ, மாமி முதலில் கேட்பது மருமகளைத்தான்: தலைக்கு வார்த்தியா, ஐஸ்பழம் வாங்கிக் குடுத்தியா. ஆணியில் தொங்கும் சேட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.